அந்தி மணிக்கு முன் பெருக்கிய பொடி

எல்லோரும் சுகந்தானே? மழை தொடங்கிவிட்டது, வீட்டில் யாருக்கும் காய்ச்சல், சளி இல்லையே? முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டி வைத்துக்கொண்டே வாசிக்கலாம், அவசரமில்லை. எனக்கு இப்போது நல்ல சுகம். போன மாதம் அவ்வளவு சுகமில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் வேளாங்கண்ணி, ஊர் இனயம். வடசேரியில் மருந்து சோதிக்கிற சின்ன ஆய்வுக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. மாத்திரை செய்யப் போகிற பொடிகள் குப்பி குப்பியாக அங்கே வரும். லிஜா என்கிற கெமிஸ்ட் பெண் அவற்றை நிறுத்து, கரைத்து, சுத்தமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பாள். இருபத்தாறு வயது. என்னை மாமி என்பாள். நான் சேர்ந்த அன்றே சொல்லித் தந்தாள்: பொடி சிந்தினால் வாரியல் எடுக்கக் கூடாது. வாரியல் என்றால் எங்கள் பக்கத்தில் விளக்குமாறு. முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். கோட்டு, கையுறை, முகமூடி மூன்றும் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை மெல்ல மேலே விரித்து, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்து, துணியோடு பைக்குள் போட்டுக் கட்டிவிட வேண்டும். கோட்டு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவே கூடாது. மூன்று வருடமாக அப்படித்தான் செய்தேன்.

அன்று சாயங்காலம் ஐந்தே முக்கால். வேலை முடிந்தது என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். லிஜா கடைசிக் குப்பியை அலமாரியில் வைக்கப் போனாள். மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. இரண்டு தேக்கரண்டி அளவு பொடி தரையில் கொட்டியது. அலர்ஜிக்கு மாத்திரை போட்டால் உறக்கம் தள்ளுமே, அந்த வகை மருந்து. மாத்திரையில் அது ஒரு துணுக்குதான் இருக்கும், மீதியெல்லாம் மாவு. குப்பியில் இருந்ததோ வெறும் மருந்து.

"மாமி, தொடாண்டாம்," என்றாள் லிஜா. "கீழ பார்சல்காரன் நிக்குகான். ஒப்பு போட்டுட்டு வந்து நானே எடுக்கேன். கதவை அடைச்சிட்டு நீங்க பஸ்ஸுக்கு போங்கோ."

"சரி மக்கா," என்றேன்.

போயிருக்கலாம். ஆனால் எங்கள் கடற்கரையில் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும் முன் வீட்டைத் தூத்து, அதாவது பெருக்கி, முடித்தாக வேண்டும். மணி அடித்த பிறகு வாரியலைத் தொடக் கூடாது, குப்பையை வைத்துக்கொண்டு மணியைக் கேட்கவும் கூடாது. ஐம்பத்துமூன்று வயது வரை நான் அதை மீறினதில்லை. வடசேரியில் எந்த மணி என் காதில் விழப் போகிறது? இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் ஈர்க்கு வாரியல் சாய்ந்து நின்றது. நாலே நாலு இழுப்பு.

பொடி எழும்பியது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் ஒரு பலகை மாதிரி அறைக்குள் சாய்ந்து கிடந்தது. அந்தப் பலகைக்குள் பொடி நெத்திலிக் குஞ்சுகள் போல நீந்தியது. ஒன்றாக மேலே போகும், ஒன்றாகத் திரும்பும், கீழே இறங்க அதற்கு மனமே இல்லை. நான் வாரியலை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அப்புறம் மீதியை அள்ளிப் போட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்பினேன். கையை மட்டுந்தான் கழுவினேன்.

எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். மகள் அபினா பிரசவித்து இரண்டு மாதம். மருமகன் கத்தாரில். தினமும் நான் வரும் நேரத்துக்கு அவள் பிள்ளையோடு வாசல்படியில் நிற்பாள். படியேறும் முன்னே பிள்ளையை வாங்கி, அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி. பெயர் ஜெஃப்ரின்.

பஸ் சுங்கான்கடை தாண்டும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வில்லுக்குறியில் தெருவிளக்குகளைச் சுற்றிப் பஞ்சு முளைத்தது. குளங்கள் பஸ்ஸோடு கூடவே வந்தன. பஸ் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது என்று தோன்றியது. தாமரைத் தண்டுகள் ஜன்னலைத் தடவிக்கொண்டு போயின. பால் கலந்த மாதிரி வெளுத்த தண்ணீரில் ஜெஃப்ரின் என்னைப் பார்த்து நீந்தி வந்தான். எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மடியில் போன் அதிர்ந்தது.

"மாமி, தரையில கெடந்தத எடுத்தது யாரு?"

"நான்தான் மக்கா. தூத்து வாரி சுத்தமாக்கியாச்சு."

"வாரியலிலயா? கோட்டு போட்டிருந்தியளா?"

"ஆணியில மாட்டிட்டேன்."

"மாமி, உறங்காதீங்கோ. அது ஒங்களுக்குள்ள பெய்ட்டுது. சேலையிலயும் தலைமுடியிலயும் இருக்கும். வீட்டில கைப்பிள்ளை உண்டுல்லா? குளிச்சு துணி மாத்தாம அவனத் தொட்டுராதீங்கோ. நீங்க தாங்குவிய, அவன் தாங்க மாட்டான். அவனுக்கு மூச்சு மந்தமாயிரும்."

குனிந்து பார்த்தேன். கொசுவத்து மடிப்பில் வெள்ளையாகக் கோடு கிடந்தது. தட்டிவிடப் போன கையை நடுவிலே நிறுத்தினேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன், யாரும் உட்காரக் கூடாது என்று.

கண்டக்டர் ரசலையன் பல வருடப் பழக்கம். "வேளாங்கண்ணியக்கா, பஸ்ஸை கட்டிலுண்ணு நெனச்சியளா? கண்ணு சொருகுகு."

"என்னை உறங்க விடாத தம்பி. கண்ண மூடினா சத்தம் போடு."

"வீட்டில பெண்டாட்டி போடுத சத்தம் போதாதா, இஞ்ச நானும் போடணுமா?" என்றவன் டிக்கெட் பெட்டியைத் தட்டிக்கொண்டே நடந்தான். திங்கள்நகர் வரை அந்தச் சத்தந்தான் என்னைப் பிடித்து வைத்தது.

திங்கள்நகரில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் தோளில் பிள்ளையோடு என் பக்கத்தில் நின்றாள். நின்றுகொண்டு வருகிறவர்கள் பிள்ளையை உட்கார்ந்தவர் மடியில் கொடுப்பது நம் பஸ்ஸில் வழக்கம்தானே. அவளும் நீட்டினாள்.

"இத்திரி நேரம் வச்சுக்கிடுங்கோ."

"வேண்டாம் மக்கா. எனக்க துணியில பொடி கெடக்கு."

"என்ன பொடி?"

"மருந்துப் பொடி."

"மருந்து நல்லதுதானே," என்று அவள் சிரித்தாள். பிள்ளை இன்னும் கிட்டே வந்தது. அதன் கால் என் சேலையைத் தொடப் போனது. ஜன்னலோடு ஒடுங்கிக்கொண்டு, "கொண்டு போ" என்று கத்திவிட்டேன். முன் இருக்கைக்காரி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "பிள்ளையத் தொட்டா தேஞ்சு பெய்ருவா போல," என்று வாங்கியவள் சொன்னது பின் படி வரை கேட்டது.

அப்போது எனக்கு ஒன்று தெரிந்தது. பொடி என்று சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள். அபினாவும் பயப்பட மாட்டாள். நான் வாயைத் திறந்து விளக்குவதற்குள் பிள்ளை என் தோளில் இருப்பான். அந்த மயக்கத்தில் நானும் கையை நீட்டிவிடுவேன். அதுதான் பெரிய பயம்.

இனயத்தில் இறங்கி நடந்தேன். மணல் மெத்தை போல அமுங்கியது. அபினா படியில் நின்றாள். என்னைக் கண்டதும் பிள்ளையை நீட்டியபடி ஒரு படி இறங்கினாள்.

"அங்கயே நில்லு," என்றேன். "அடக்க வீட்டில இருந்து வாறேன்."

அவ்வளவுதான். சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் பச்சைப்பிள்ளை பக்கம் வருவார்களா? அபினா பின்வாங்கிக் கதவை அடைத்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். ஜன்னல் வழியாகத் துண்டும் மாற்றுத்துணியும் சோப்பும் வந்து விழுந்தன.

"யாருக்க அடக்கம்மா?"

யோசிக்க மூளை எங்கே இருந்தது? "ரசலையன்."

"கண்டக்டர் ரசலையனா? இன்னைக்கு காலத்த அந்த பஸ்ஸிலதானே போனிய?"

"போனேன். பொறவு செத்தான்."

உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நல்ல மனுசன், பாவம், அவளுக்குப் பள்ளிக்கூட நாளில் இருந்தே தெரிந்தவன். நான் சேலையை உதறாமல் சுருட்டி வாளித் தண்ணீரில் முக்கினேன். தலையில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மழைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது, அந்த மழை நிற்கவே வேண்டாம் என்றிருந்தது. மூன்று தடவை முடி அலசினேன். நான்காவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னல் திறந்தது. அபினா கையில் போன்.

"யம்மா, லிஜாக்கா பேசுகா. எல்லாம் மருந்துப் பொடியாம், ஒரு அடக்கமும் இல்லேண்ணு சொல்லுகா. என்னத்துக்கு பொய் சொன்னிய?"

"பொடிண்ணு சொன்னா பிள்ளைய நீட்டியிருப்ப."

அவள் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். "நீட்டியிருப்பேன்," என்றாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

கருங்கலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நாள் படுக்க வைத்து நெஞ்சுத் துடிப்பைப் பார்த்தார்கள். லிஜா வந்து கட்டிலருகே நின்று அழுதாள். விபத்துப் பதிவில் மூடியைச் சரியாகத் திருகாதது தான்தான் என்று எழுதியிருக்கிறாளாம். "நான் தூத்ததையும் எழுது," என்றேன். எழுதினாள்.

வீட்டுக்கு வந்த அன்று பிள்ளையை வாங்கினேன். கழுத்தில் முகத்தை வைத்தேன். பால் வாசம். அபினா அவனுக்குப் பூசப் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். திருப்பி அலமாரியில் வைத்துவிட்டாள்.

உங்கள் வேலையில் இருந்து பொடியோ தூசியோ பூச்சிமருந்தோ வீடு வரை கூடவே வந்த அனுபவம் உண்டா? கீழே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளை எப்படித் தள்ளி நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.