எட்ஃபூ கோயிலைக் காலி செய்தவர்

"எட்ஃபூ கோயில்ல இருந்த அத்தனை வெள்ளைக்காரங்களையும் ஒத்தைக் கைத்தடியால வெளிய கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பாரோ ராஜாவே எந்திரிச்சு வந்து நடந்திருந்தாக்கூட அவ்வளவு கூட்டம் பின்னால போயிருக்காது" என்றார் ஷௌகி.

கப்பலின் மேல்தளத்தில் வெயில் இதமாக இருந்தது. கப்பல் நைலின் இரு கரைப் பேரீச்சை மரங்களையும் பின்னால் தள்ளிக்கொண்டே அஸ்வான் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே அவர் மனைவியின் தங்கை ஹிக்மத் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் துப்பினாள்.

"எத்தனை பேர் இருக்கும் அத்தான்?"

"நானூறு."

"மத்தியானம் சாப்பிடறப்போ நாப்பதுன்னீங்க."

"அப்போ பசி. கண்ணு சரியாத் தெரியலை."

"நான் வாசல்ல உக்காந்து டீ குடிச்சிட்டுதானே இருந்தேன்? என் கண்ணுல ஒரு ஈ காக்கா படலை." ஹிக்மத் மடியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல இந்தக் கதையை எடுத்தீங்கன்னா, நம்ம ரீமோட சம்பந்தம் அதோட சரி. மாப்பிள்ளையோட அப்பா பஷாரி யாருன்னு தெரியும்ல? தானிய வியாபாரி. பேச்சையும் தராசுல வச்சுதான் வாங்குவாரு."

மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னவளே ஹிக்மத்தான். நாளை அஸ்வானில் பெரியவர்கள் கூடி, குர்ஆனின் ஃபாத்திஹா ஓதி, பேச்சை முடிக்க வேண்டும். கூட வந்திருந்த மகள் ரீமுக்கு அந்தப் பையன் மேல் உயிர். ஷௌகி வாயை மூடிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்த நிமிஷத்திலிருந்தே அவருக்கு வயிறு உப்பத் தொடங்கிவிட்டது.

கொடுமை என்னவென்றால் அது நடந்த கதை. வாழ்நாளில் முதல் தடவையாக, மசாலா தூவாமலே ருசியாக ஒன்று அவருக்கு வாய்த்திருந்தது.

அன்று காலை எட்ஃபூவில் இருந்த கப்பல்களை எண்ணினால் நைலில் தண்ணீருக்கு இடமிருந்திருக்காது. ஒரு கப்பலை ஒட்டி இன்னொரு கப்பல், அதை ஒட்டி மற்றொன்று. கரைக்குப் போகவே நாலு கப்பல்களின் வரவேற்பறைகளுக்குள் புகுந்து சலாம் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கிருந்து குதிரை வண்டி. கோயிலுக்குள் போனால் ஊர் ஊரான கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கைடு, ஒவ்வொரு கைடு கையிலும் உயர்த்திப் பிடித்த ஏதோ ஒன்று. குடை, காகித மீன், கொடி. எது உயருகிறதோ அதன் பின்னால் அந்த ஊரே போகும்.

இந்த நெரிசலில் ஷௌகியின் மனைவி இன்ஸாஃப் தொலைந்து போனாள். சாமி படகு வைத்திருந்த உள்ளறையில் நின்று அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தன்னைப் பார்த்தாவது வரட்டும் என்று, அவள் தூக்கச் சொல்லிக் கொடுத்திருந்த சிவப்புச் சால்வையைக் கைத்தடி நுனியில் கட்டி உயர்த்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

போலந்துக்காரர்களின் கைடும் சிவப்புத் துணிதான் பிடித்திருந்தாள். அவள் அப்போது ஒரு தூணுக்குப் பின்னால் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஷௌகி அலெக்ஸாண்டிரியாவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் ஜனம் சலசலப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. டிராம்காரன் திரும்பிப் பார்க்கலாமா? கழுத்து வலித்து ஒரு தரம் அண்ணாந்தார். பின்னால் அத்தனை பேரும் அண்ணாந்து கூரையைப் படம் எடுத்தார்கள். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். அந்தத் தளக்கல்லுக்கும் அதே மரியாதை கிடைத்தது. கருங்கல் பருந்துகளைத் தாண்டி, குதிரை வண்டிகள் நிற்கும் இடம் வந்ததும்தான் திரும்பினார். கடல் மாதிரி முகங்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி அவருக்கு நன்றி வேறு சொன்னார். அதற்குள் அந்தக் கைடு தலைதெறிக்க ஓடி வந்து, ஷௌகியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்களை மறுபடி உள்ளே ஓட்டிப் போனாள்.

"நீயாவது நம்பறியா?" என்று அன்று இரவுச் சாப்பாட்டில் இன்ஸாஃபைக் கேட்டார்.

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து கேக்கறேன். எது உண்மை, எது பொய்னு பிரிச்சுப் பாக்கறதை எப்பவோ விட்டுட்டேன். என்னை உள்ளயே விட்டுட்டு வந்தீங்க பாருங்க, அதை மட்டும் நம்பறேன்."

மறுநாள் பஷாரி வீட்டில் செம்பருத்திப் பானம் வந்தது. பஷாரி வெள்ளைத் தலைப்பாகையும் செதுக்கி எடுத்த முகமுமாக உட்கார்ந்திருந்தார்.

"வர்ற வழியில கோயிலெல்லாம் பாத்தீங்களா சம்பந்தி?"

"பாத்தோம்" என்றார் ஷௌகி. பானத்தைக் குடித்தார். இன்னொரு கிளாஸ் குடித்தார்.

"எட்ஃபூ?"

கேட்டவர் குற்றம். அணை உடைந்தது. கூட்டம் நானூறில் தொடங்கி எண்ணூறில் போய் நின்றது. கிழவர் தொப்பியைக் கழற்றியது, காலில் விழுந்ததாக வளர்ந்தது. ஹிக்மத் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஷாரி கிளாஸைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, மனசுல எதையும் வச்சுக்கிட்டுப் பேச எனக்குத் தெரியாது. பொண்ணு படிச்சவ, குணமானவன்னு சொன்னீங்களே, அதுவும் இந்தக் கணக்குதானா?"

காபித் தட்டோடு வந்த ரீம் கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஷௌகி மகளின் முகத்தைப் பார்த்தார்.

பஷாரி ஹிக்மத் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வார்த்தையை நம்பித்தான் இந்த இடத்துக்கே சம்மதிச்சேன். இவர் சொல்றதுல அரிசி எது, உமி எது?"

ஹிக்மத் அக்காளைப் பார்த்தாள், ரீமைப் பார்த்தாள், கடைசியில் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எண்ணூறெல்லாம் உமி. காலுல யாரும் விழலை."

"மிச்சம்?"

"நான் டீக்கடையில உக்காரலை. கண்ணாடியைக் கப்பல்லயே மறந்துட்டுப் போயிட்டேன். உள்ள வழி தெரியாம நின்னப்போ தூரத்துல செவப்பா ஒண்ணு ஆடுச்சு. யாரோ ஒரு கைடுதான்னு நெனச்சு, அவர் அண்ணாந்தப்போ அண்ணாந்து, குனிஞ்சப்போ குனிஞ்சு, வாசல் வரைக்கும் போனேன். திரும்பின மூஞ்சியைப் பாத்ததும் ஒரு குதிரைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்." அவள் பெருமூச்சு விட்டாள். "நடந்ததுங்க. அத்தான் சொன்னது நடந்ததுதான்."