பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த ரத்தம்

நேர்காணலுக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. நாளைக் காலை பதினொரு மணிக்கு ஆன்லைனில் நடக்கும் நேர்காணலில், ஆய்வின் முதன்மைப் பொறுப்பாளர் திரு. அறிவுச்செல்வனும் கலந்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது.

அறிவுச்செல்வன் சார் எங்கள் லேபின் முதலாளி. அந்த நேரத்தில் அவர் பக்கத்து அறையில் பழுதான பிரின்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். தான் ஒரு ஆய்வுக்குப் பொறுப்பாளர் என்பது அவருக்குத் தெரியாது.

நான் பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி முடித்தவள். செங்கம் ரோட்டில் இருக்கும் இந்த லேபில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். சென்னைக்குப் போகும் வழியில் ஒரு தனியார் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் முதுநிலைப் படிப்புகளின் பட்டியல் உண்டு. நுண்ணுயிரியல், தொற்றுநோயியல், பொதுச் சுகாதாரம் என்று நாற்பத்தொரு படிப்புகள். மற்றவர்கள் போனில் புடவை பார்க்கும் நேரத்தில் நான் அந்தப் பட்டியலைப் பார்ப்பேன். எப்போதும் மருத்துவ உயிர்வேதியியலில் போய் நின்றுவிடுவேன். இந்த வருடம் அந்தப் படிப்பில் ஒரே ஒரு இடத்தைக் கட்டணமில்லாமல் ஒதுக்கியிருந்தார்கள். வேலை செய்யும் இடத்திலேயே சொந்தமாக ஆய்வு செய்த ஒருவருக்கு அது. அந்த இடம் கிடைத்தால்தான் நான் படிக்க முடியும்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் லேபில் கூட்டம் அலைமோதும். விரதம் இருந்து பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றி வந்தவர்கள், வயிறு காலியாகத்தானே இருக்கிறது, சுகர் டெஸ்ட்டுக்கு இன்னொரு நாள் ஏன் பட்டினி கிடப்பது என்று அப்படியே வந்து கையை நீட்டுவார்கள். ஒரே பட்டினியில் இரண்டு காரியம் முடிந்துவிடுவதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவ்வளவு தூரம் நடந்த உடம்பு ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளைக்கு ரிப்போர்ட் அழகாக வரும். டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார். அதற்குப் பிறகு சர்க்கரை பழைய இடத்துக்கு ஏறி, அதையும் தாண்டும். லேப் சொன்ன எண் சரிதான். எடுத்த நாள்தான் தப்பு.

அப்படி வந்தவர்களைப் பத்து நாள் கழித்து மறுபடி வரச்சொன்னேன். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். மாத்திரை குறைந்தவர்களைத் தனியாக வைத்தேன். பதினான்கு பௌர்ணமி, அறுபத்து மூன்று பேர். மாத்திரையை மாற்றாதவர்களுக்கே சராசரியாக முப்பத்தெட்டு புள்ளி வித்தியாசம் இருந்தது. பிறகு ஒரு நோட்டீஸ் எழுதி வாசலில் ஒட்டினேன். வர்ற ஆளை ஏன் துரத்துகிறாய் என்று சார் கோபித்துக்கொண்டார். இன்று ஊரில் மூன்று டாக்டர்கள், பௌர்ணமி கழிந்து நாலு நாள் ஆன பிறகே ரத்தம் எடுக்க அனுப்புகிறார்கள். அவர்கள் சாரைத்தான் போனில் பாராட்டினார்கள். எதற்கென்று விளங்காமல் அவரும் நன்றி சொன்னார்.

நோட்டில் யார் பெயரும் கிடையாது, வரிசை எண் மட்டும்தான். ஒன்றாம் எண் யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

விண்ணப்பத்தில் முதன்மைப் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. கல்லூரியில் ப்ராஜெக்ட் என்றால் வழிகாட்டி பெயர் மேலே வரும், செய்தவர்கள் பெயர் கீழே வரும். அந்தப் பழக்கத்தில் சார் பெயரை எழுதினேன். அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். மேலே என் பெயர் இருந்தால், இதை ஏன் தொடங்கினாய் என்று என்னைக் கேட்பார்கள்.

அன்று மாலை சாரிடம் சொல்ல மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவரே, "இன்னா எழில், லீவு வேணுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேங்கிக்காலில் வீட்டுக்குப் போனபோது அம்மா கிரிவலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மா பெயர் பாஞ்சாலை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது. போன வருடம் வைகாசி கழிந்து அது தாறுமாறாக ஏறி, காலில் குத்திய முள் புண்ணாகி, ஆறு வாரம் நடக்க முடியாமல் கிடந்தாள். அது மாம்பழ சீசன். அம்மா திருட்டுத்தனமாக மாம்பழம் தின்றிருக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டினார். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தாள் அம்மா. ஒருவரும் நம்பவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு மாம்பழம் வந்தால் அப்பா எண்ணி வைப்பார்.

"வழியில பழக்கடை வந்தா கண்ண மூடிக்கினு நட" என்றார் அப்பா. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அம்மா செருப்பில்லாமல் படியிறங்கிப் போனாள். நான் சமையலறையில் நின்றிருந்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

மறுநாள் காலை லேப் வாசலில் இருபது பேர் இருந்தார்கள். மலை சுற்றி வந்தவர்களை நோட்டீஸைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். ஒருவர், இதுக்காக ரெண்டு நாள் பட்டினி கிடக்கணுமா என்று சண்டைக்கு வந்தார். பத்து ஐம்பதுக்குச் சாரிடம் போய், பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங், நீங்களும் உட்கார வேண்டும் என்றேன். அவர் தலை சீவிக்கொண்டு வந்தார். எனக்கு நாற்காலி போட்டுத் தந்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் இருந்தவர் துறைத் தலைவர் ஹைமவதி. நான் அனுப்பிய நோட்டுப் பக்கங்களை வரி வரியாகப் படித்திருந்தார். ஒரு ரூபாய் உதவி இல்லாமல் இப்படி ஒரு வேலையைத் தான் பார்த்ததில்லை என்றார். முதுநிலை மாணவர்களுக்கே இதைக் காட்டினேன் என்றார். எனக்குக் காது சூடாயிற்று. இந்த ஆய்வைச் செய்தவருக்குத்தான் அந்த இடம், அதில் தங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை என்றும் சொன்னார். பிறகு சார் பக்கம் திரும்பி, இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"எந்த யோசனைங்க?"

ஹைமவதி மேடம் மறுபடி விளக்கினார்.

"மேடம், நான் கெமிக்கல் சப்ளை பண்ற கம்பெனின்னு நெனச்சு வந்து உக்காந்தேங்க. அந்த நோட்டுக்கு நான் திட்டுனதுதான் ஜாஸ்தி. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. அப்படியானால் இது யாருடைய வேலை என்று கேட்டார்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. அம்மா டிபன் பாக்ஸோடு நின்றாள். காலையில் நான் சாப்பிடாமல் வந்திருந்தேன். இரவெல்லாம் நடந்துவிட்டு, இட்லி அவித்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். திரையைப் பார்த்ததும் கதவோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

ஹைமவதி மேடம் என் நோட்டின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டினார். ஒன்றாம் எண்: தொண்ணூற்று நாலு. பக்கத்தில் முந்நூற்று நாற்பது.

"மத்த எல்லாரையும் பத்து நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்கீங்க. இவங்களுக்கு மட்டும் பத்தொன்பது நாள். அப்படின்னா இவங்கள நீங்க வரச் சொல்லல, அதுவா நடந்திருக்கு. இங்கதான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கு. யார் இவங்க?"

கல்லூரியில் வாய்மொழித் தேர்வின்போது, தெரிந்த பதிலுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் நான். அந்த வார்த்தை இப்போதும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இடம் போய்விடும். மாம்பழமும் அம்மா தலையிலேயே இருக்கும்.

"இத செஞ்சது நான்தாங்க மேடம்" என்றேன். "அறுபத்து மூணு பேருக்கும் ரத்தம் எடுத்தது, எழுதினது, கணக்குப் போட்டது எல்லாம் நான். சார் பேர மேல போட்டதும் நான்தான்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சார் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளித் திரையிலிருந்து விலகினார். இப்போது திரையின் அந்தக் கட்டத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"சரி. ஒன்றாம் எண்?" என்றார் மேடம்.

நான் கேமராவைப் பார்க்கவில்லை. திரும்பி, கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒண்ணாம் நம்பர் எங்கம்மா. வயிறு காலியாத்தானே இருக்கு, வாம்மான்னு கிரிவலம் போன மறுநாளே கூட்டியாந்து ரத்தம் எடுத்தது நான். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டதும் நான். அதப் பாத்துதான் மாத்திரைய பாதியா கொறச்சாங்க. எங்கம்மா மாம்பழம் சாப்பிடல."