இரவல் பல்பு

பால் பெட்டிக்குக் கைப்பிடி என்று பக்கத்துக்கு ஒரு ஓட்டை வைத்திருக்கிறான் பாருங்கள், அவன் தன் வாழ்நாளில் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கியிருக்க மாட்டான். நான்கு விரலும் உள்ளே போகாது. குளிர் அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது அதன் விளிம்பு விரலை அறுக்கும். முதல் அடுக்கு ஏற்றும் வரைக்கும்தான் வலி. அப்புறம் கை மரத்துவிடும். மரத்த கையோடு எத்தனை பெட்டி வேண்டுமானாலும் தூக்கலாம். இந்த வேலையில் கிடைக்கிற ஒரே சலுகை அதுதான்.

அன்றைக்கும் விடியவில்லை. கிடங்கு முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. நான் நெட்டையனுடைய வண்டியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். உட்கார்ந்தால் அவன் தலை வண்டிக் கூரையில் இடிக்கும், அதனால் நெட்டையன். எங்களுக்கு நீண்ட வழி. ஊரைத் தாண்டியதும் தெருவிளக்கு கிடையாது, வண்டி வெளிச்சத்தை நம்பித்தான் போக வேண்டும்.

நெட்டையனின் அக்காவும் இதே கிடங்கில்தான் வேலை செய்கிறாள். பின்பக்கத் தொட்டியில், திரும்பி வருகிற காலிப் பெட்டிகளைக் கழுவுவாள். அவளுடைய கணவர் எங்களோடு வண்டி ஓட்டியவர். நெட்டையனுக்கு மச்சான் என்பதால் எங்கள் எல்லோருக்குமே அவர் மச்சான்தான். போன வாரம் இதே நேரத்தில், எதிரே வந்த லாரி அவர் வண்டியின் ஒரு பக்கத்தைச் சீவிக்கொண்டு போய்விட்டது. அவர் வண்டியில் ஒரு விளக்குதான் எரிந்தது, அதுவும் ஓரத்து விளக்கு. சாலை நடுப்பக்கம் இருட்டு. மோட்டார் சைக்கிள் வருகிறது என்று நினைத்த லாரிக்காரன் அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் ஒதுங்கினான். மச்சானுக்கு ஒரு கால் முழங்காலோடு போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

எங்கள் பல்பு வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது. முகப்பு விளக்கின் பல்பு போய்விட்டது என்று முதலாளியிடம் சொன்னால், "வந்துகிட்டே இருக்கு" என்பார். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ, எங்கள் கண்ணில் ஒன்றும் பட்டதில்லை. ஆகவே நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். தெருவிளக்கு இருக்கிற பக்கம் போகிறவன் தன் வண்டியிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி, நீண்ட வழி போகிறவனுக்குக் கொடுப்பான். நாளைக்கு இவனுக்கு வேண்டுமென்றால் வேறொருவன் தருவான். யார் பல்பு யார் வண்டியில் எரிகிறது என்பது யாருக்கும் நினைவிருக்காது. எங்களுக்கு அதில் பெருமைகூட உண்டு. மற்ற கிடங்கு ஆட்களிடம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறோம்.

விபத்து நடந்த நாளில் மச்சானுக்கு ஊருக்குள்தான் வேலை. நெட்டையன் வண்டியில் ஒரு பல்பு போயிருந்தது. கேட்காமலே தன்னுடையதைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டார் மச்சான். நாங்கள் கிளம்பிப் போனோம். அதற்குப் பிறகு வேறொரு ஓட்டுநர் வரவில்லை என்று மச்சானை வெளிவழிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த ஒற்றை விளக்கோடு போனார்.

இதை விசாரிக்கத்தான், நான் சொல்கிற இந்த நாள் காலையில் ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலை முதலாளி நெட்டையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வண்டி கிளம்பும்போது இரண்டு விளக்கும் எரிந்தன, மச்சான் தூங்கித்தான் மோதினார் என்று அவன் சொல்ல வேண்டுமாம். சொந்த மைத்துனன் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சொல்லாவிட்டால், பல்பைக் கழற்றிக்கொண்டு போனது இவன்தான் என்று முதலாளி சொல்லிவிடுவாராம். சொன்னால் மச்சான் மீது வழக்கு, சொல்லாவிட்டால் இவன் மீது. பெட்டி ஏற்றும்போது நெட்டையன் இதையெல்லாம் என்னிடம் சொன்னான், கடைக்காரனிடம் சாமான் விலை கேட்கிற குரலில். அக்காவுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்றான்.

நான் அடுத்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

ஏற்றி முடித்து வண்டியில் உட்கார்ந்தோம். நெட்டையன் விளக்கைப் போட்டான். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது, உடனே ஒன்று அணைந்தது. அப்புறம் அவன் இறங்கி முன்மூடியைத் தூக்கினான். நான் கைவிளக்கைப் பிடித்தேன். ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியைத் தள்ளி, பல்பைத் தகரப் பக்கமாகப் பிடித்து இழுத்தான். கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் சூட்டில் வெடித்துவிடும். புது பல்புக்குத்தான் அந்தக் கவலை. இது கறுத்துப்போயிருந்தது. ஆட்டிப் பார்த்தான், உள்ளே அறுந்த இழை அசைந்தது. மச்சான் கொடுத்த அதே பல்பு.

அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். அவரும் ஓட்டுநர்தான். பழைய செய்தித்தாளைக்கூட ஒரு வரி விடாமல் படிப்பதால் அந்தப் பெயர். ஒரு விளக்கு அணைந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, தன் பல்பைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு அது யோசிக்காமல் செய்கிற வேலை, கொட்டாவி விட்டவனைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற மாதிரி.

"இந்தா, நான் ஊருக்குள்ளதான் போறேன்."

நெட்டையன் கை நீட்டவில்லை. "வேணாம்" என்றான்.

"பின்ன எப்படிப் போவ?"

"போகல."

கருகிய பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்பக்கம் நடந்தான். அங்கே நின்று என்ன செய்வது என்று தெரியாமல் நானும் பின்னாலேயே போனேன்.

அக்கா தொட்டியருகே குனிந்து பெட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். நெட்டையன் பல்பை நீட்டினான்.

"அக்கா, இது மச்சானோடது. அன்னைக்கு அவர் வண்டியிலேர்ந்து கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. நான் வாங்கிக்கிட்டேன்."

அவள் நிமிரவில்லை. தேய்த்த பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"தெரியும்" என்றாள். "கண்ணு முழிச்சதும் அவரே சொன்னாரு. தம்பி வண்டியில ரெண்டும் எரியுதான்னு கேட்டாரு. எரியுதுன்னு சொன்னேன்."

நெட்டையன் அழுவான் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் பல்பை நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் முதலாளி கேட்டதைச் சொன்னான். அப்போதுதான் அவள் குழாயை மூடினாள்.

"அவர் தூங்கினாருன்னா சொல்லச் சொல்றாரு?"

"ஆமா."

"நீ என்ன சொல்லப் போற?"

"தெரியலக்கா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து யோசிக்கவே முடியல."

அவள் கையிலிருந்த சோப்பு நுரையை வழித்துப் போட்டாள். கோபமாகப் பேசவில்லை. தூங்கி எழுந்தவள் பேசுகிற மாதிரிதான் இருந்தது.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லடா. அவர் குடுத்தாரு, நீ வாங்கின. நாளைக்கு நீ குடுத்திருப்ப. ஆனா ஒண்ணு. ஆளாளுக்கு ஒண்ணக் கழட்டிக் குடுத்து, இல்லாத பல்ப வச்சு எல்லா வண்டியையும் ஓட்டிட்டீங்க. வண்டி ஓடுதுல்ல, அப்புறம் முதலாளி எதுக்கு வாங்கிப் போடணும்?"

எத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தோம் நாங்கள்.

முற்றத்தில் வெளிச்சம் பளீரென்று அடித்தது. முதலாளியின் கார். அதில் முன்னால் விளக்கு, விளக்குக்குக் கீழே விளக்கு என்று கல்யாண வீடு மாதிரி எரியும். அக்காவோடு நாங்கள் முற்றத்துக்குத் திரும்பி வந்தபோது, நெட்டையன் போகவில்லை என்று கேள்விப்பட்டு மற்ற ஓட்டுநர்களும் கிளம்பாமல் கூடி நின்றார்கள், அவர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு வண்டியும் கிளம்பாதது ஏன் என்று கேட்டார். நெட்டையன் சொன்னான்.

"பல்பு போச்சுங்க."

"யாருகிட்டயாவது வாங்கிப் போடு. புதுசாவா சொல்லித் தரணும்?"

"இனிமே யாருகிட்டயும் வாங்கறதா இல்லீங்க."

முதலாளி வாத்தியாரைப் பார்த்தார். "உன்னுத அவனுக்குக் குடு."

வாத்தியார் கையில் பல்பு அப்படியே துணிக்குள் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என் வண்டிக்கு வேணுங்க" என்றார். அடுத்த வண்டிக்காரனைக் கேட்டார் முதலாளி. அவன் கண்ணாடி தடிமனாக இருக்கும், சோடாபுட்டி என்போம். ரெண்டு வெளிச்சத்திலேயே தனக்குப் பாதிதான் தெரியும், ஒன்றைக் கொடுத்துவிட்டால் தடவிக்கொண்டுதான் போக வேண்டும் என்றான் அவன். யாரோ சிரித்தார்கள். அந்த வாரத்தில் அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

முதலாளிக்கு முகம் மாறியது. "பால் என்ன கல்லா, கெடாம அப்படியே இருக்க? நெட்டையா, இன்னைக்கு யாரு வர்றாங்கன்னு ஞாபகம் இருக்குல்ல? யாரு பல்பக் கழட்டிக்கிட்டுப் போனான்னு நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்."

அத்தனை பேர் முன்னால் அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. தனியாகச் சொன்னபோது அது நெட்டையனை மட்டும் அமுக்கியது. இப்போது எல்லோர் காதிலும் விழுந்தது.

"நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்" என்றான் நெட்டையன். "மச்சான் பல்பு என் வண்டியிலதான் இருந்துச்சு."

"என் வண்டியிலயும் இருந்திருக்கு" என்றார் வாத்தியார். "என்னுது அவன் வண்டியில இருந்திருக்கு. இங்க இரவல் வாங்காதவன் யாருன்னு கேட்டா ஒருத்தனும் இல்ல. எல்லாரும்தான் போய்ச் சொல்லணும்." முதலாளி பக்கம் திரும்பினார். "இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு மச்சான் ஒத்தை விளக்குதான் இருக்குன்னு உங்ககிட்ட சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். விடியப் போகுது, போன்னு சொன்னீங்க. இத ஒரு வாரமா முழுங்கிக்கிட்டுத் திரிஞ்சேன். இனி முடியாது."

வாத்தியார் முகம் வெளுத்திருந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நன்றி சொல்லவும் இல்லை, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கவும் இல்லை.

முதலாளி குரலை இறக்கினார். கடை திறந்ததும் புதுசு வாங்கித் தருவதாகவும், இப்போதைக்கு எப்படியாவது கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார். அப்படியானால் கடை திறந்த பிறகே கிளம்புகிறோம் என்றான் சோடாபுட்டி. வேறு ஆள் கிடைக்காதா எனக்கு என்றார் முதலாளி. கிடைப்பார்கள், அவர்களுக்கும் இருட்டில் கண் தெரியாது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் காரில் ஏறி வேகமாக வெளியே போனார்.

எங்கே போகிறார் என்று நெட்டையனுக்குத்தான் முதலில் புரிந்தது. கடைக்காரனை வீட்டில் எழுப்பி பல்பு வாங்கி, அதிகாரி வருவதற்குள் எல்லா வண்டியிலும் மாட்டப் போகிறார். மாட்டிவிட்டால் எங்கள் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

"வண்டியெல்லாம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்றான் அவன். "அதிகாரி வந்து கண்ணால பாக்கட்டும்."

முதலில் பாலைத் திரும்ப இறக்கினோம். பால் ஒரு பாவமும் செய்யவில்லை. எல்லாப் பெட்டியையும் குளிர் அறையில் அடுக்கினோம். ஏற்றிய சரக்கை அதே இருட்டில் இறக்குவது அதுவரை நாங்கள் செய்யாத வேலை. முடிந்ததும் ஓட்டுநர்கள் அவரவர் வண்டியின் முன்மூடி மீது ஏறி உட்கார்ந்தார்கள். ஆளை இறக்காமல் மூடியைத் திறக்க முடியாது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் கோஷம் போடவில்லை. ஒருவருக்கும் அதற்குத் தெம்பில்லை. எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது.

நான் மட்டும் கீழே நின்றேன். நான் ஓட்டுநர் இல்லை. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வானம் வெளுக்கத் தொடங்கியபோது கார் திரும்பி வந்தது. முதலாளி பின்கதவைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சின்ன டப்பாக்கள். எத்தனை மாதம் கெஞ்சியிருப்போம் இதற்கு. இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது அது, ஒரு கடைக்காரனின் தூக்கத்தைக் கலைக்கிற தூரத்தில்.

"கேட்டீங்கள்ல, இந்தாங்க. போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

"போட்டுக்குவோங்க" என்றான் நெட்டையன். "அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும்."

ஒருவரும் இறங்கவில்லை. முதலாளி வரிசை முழுவதையும் பார்த்தார். கீழே நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"உனக்கென்ன வந்துச்சு இதுல? நீ பெட்டி தூக்கறவன்தானே. வா, வந்து இத ஒவ்வொண்ணாப் பிரி. உனக்கு நான் பாத்துச் செய்யறேன்."

நான் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு வாரமாக எதுவுமே தோன்றாமல் கிடந்த நெஞ்சு அப்போது அடித்துக்கொண்டது, எனக்கே கேட்டது. கால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா தம்பியை இடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். நான் போய் ஏறி உட்கார்ந்தேன்.