பிறந்த வீட்டுக் கோடி

நல்லகாமனால் இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியை அவிழ்க்க முடியவில்லை. மூன்று வருஷத்து முடிச்சு. கடைசியில் அரிவாளைக் கொடுத்துக் கயிற்றையே அறுத்தார். மதுரையிலிருந்து எழுமலைக்குத் துஷ்டி சொல்ல வந்த ஆள் மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்றான். காளவாசலில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் அன்னக்கொடி மஞ்சள்காமாலையில் விடியும்போது போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள்.

"போற வழியில உசிலம்பட்டியில புதுசு எடுத்துக்கலாம்ணே" என்றான் அவன்.

"அவளுக்குன்னு எடுத்தது இருக்கு."

இருந்தது. பேசி முடித்த கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பம்புசெட்டு ரிப்பேர் பார்க்க வந்த சுருளியோடு அவள் போய்விட்டாள். அன்றைக்கே அரக்கு நிறக் கூரைப்பட்டுச் சேலையை மர பீரோவில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். செத்துப்போனாள் என்று ஊரெல்லாம் சொன்னார். அப்படியானால் சேலையைக் கொளுத்தியிருக்கலாம், யாருக்காவது கொடுத்திருக்கலாம். அதற்கு மட்டும் மனுஷனுக்குத் துணிச்சல் இல்லை. வாய்தான் காதவழி போகும்.

அவர் பெண்டாட்டி பாண்டியம்மாள் கெஞ்சாத நாளில்லை. "சாவியக் குடுங்க. பட்டுச்சேலைய மாசம் ஒருக்கா மடிப்பு மாத்திக் காத்தாடப் போடணும். பீரோ செவத்த ஒட்டி நிக்கிது, ஓதம் ஏறும்." அவர் காதில் வாங்கவில்லை. சுண்ணாம்புக் கல்லைச் சட்டியில் போட்டுப் பீரோவுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். பூட்டின கதவுக்கு வெளியே இருக்கிற சுண்ணாம்பு என்ன செய்யும்? மூன்று ஐப்பசி அடைமழையும் அந்தச் சுவரில்தான் இறங்கின.

கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. மடிப்புக்கு மடிப்பு வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. நல்லகாமன் தோள் துண்டை எடுத்து வெறிபிடித்தவர்போலத் தேய்த்தார்.

"தேய்க்காதீக. ஈரத்துண்டு, இழைக்குள்ள ஏறிரும். வெயில்ல காயவச்சுத்தான் ஒதறணும்."

"வெயிலுக்கு நான் எங்க போவேன், பாண்டி?" என்றார். அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

அவள் அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளி வந்தாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சேலையை அனலில் காட்டினார்கள். இருவரும் அழுதார்கள், புகை மேல் பழி போடவில்லை. காய்ந்த இடத்தை வாசலில் உதறினாள். வெள்ளை போயிற்று. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறைகள் மட்டும் அப்படியே நின்றன.

காளவாசல் வீட்டில் சேலையை விரித்ததும் ஒரு பொம்பளை மூக்கைச் சுளித்து, "கோடியா இது?" என்றாள்.

"அதையே போத்துங்க மாமா" என்றான் சுருளி. "மழை விட்டு வெயிலடிச்சாப் போதும், ஒங்க மக இந்தச் சேலையப் பத்தித்தான் பேசும். எங்கய்யா அதக் கொளுத்தியிருக்காது, இந்நேரம் யாருக்கும் தெரியாம எடுத்துக் காயப்போட்டிருக்கும்னு சொல்லும்."

போர்த்தினார்கள். நெஞ்சுப் பக்கம் ஒரு கறை வந்தது. நல்லகாமன் குனிந்து அதை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார், அவளுக்கு வலித்துவிடாமல், மெதுவாக. வெளியே பாடை கட்டி முடித்தவர்கள் மழை விடட்டும் என்று நின்றிருந்தார்கள்.