கேட்டைப் பிடித்திருந்தவன்

"கேட்டைப் பிடிச்சுக்கோடா. காத்துல மூடிக்குது. வண்டி வெளிய போகணும்ல?" என்று தம்பியைத் தள்ளாத குறையாக வாசலுக்கு அனுப்பினாள் அக்கா. கேட் காற்றில் ஆடியது உண்மைதான். ஆனால் அவள் அனுப்பியது அதற்காக இல்லை.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சற்றுமுன், துக்கம் விசாரிக்க வந்த அக்காவின் மேலதிகாரியுடைய மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, "எனக்கு நல்லாருக்கா சார்?" என்று கேட்டுவிட்டான் தம்பி. முப்பது வயது ஆள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தார். அவளுக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்தது சார். அதுலேர்ந்து இப்படித்தான்."

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பொய். நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் எதிரில் மட்டும் அதைச் சொல்ல முடிந்ததில்லை. இன்று அம்மா பக்கத்திலேயே இருந்தாள், மறுத்துப் பேசவில்லை.

அம்மா ஒயின் ஆலையில் பாட்டில் நிரப்பும் பிரிவில் வேலை பார்த்தவள். அளவு குறைந்த பாட்டில்கள் விற்பனைக்குப் போகாது. வேலை முடிந்ததும் பெண்கள் அவற்றைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். இனிப்பாக இருக்கும், ரத்தம் ஊறும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைத்தாச்சி என்று அம்மாவுக்குத் தங்கள் பங்கையும் கொடுத்தார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பி சிறுத்த தலையோடு பிறந்தான். பால் குடிக்கத் தெம்பில்லை, தூக்கமில்லை, கதவு சாத்தினால்கூட உடம்பு தூக்கிப்போட வீறிட்டு அழுதான். வளர்ந்தபின் பேச்சு வந்தது, கணக்கு வரவில்லை. மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அடித்துப் பார்த்தார்கள், அதற்கும் பலனில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க குடிச்சது உங்க ரத்தத்துலேர்ந்து குழந்தைக்கும் போயிருக்கு. மூளை உருவாகுற நேரம் அது. இவன் அடம் பிடிக்கலம்மா, இவனால முடியல."

அன்றோடு அம்மா குடியை விட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் அக்கா மன்னித்திருப்பாள். பள்ளிக்கூடமோ கடையோ பஸ்ஸோ, யார் தம்பியைத் திட்டினாலும், "நான் குடிச்சேன், அதனால வந்தது. அவன் மேல தப்பு இல்ல," என்று அம்மா போட்டு உடைப்பாள். பக்கத்தில் நிற்கும் அக்கா யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தம்பிக்கு வேலை சொல்ல அம்மாவிடம் ஒரு முறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அது முடிந்ததும் தோளைத் தொட்டு, "போதும், விட்டுடு" என்பாள். பிறகுதான் அடுத்தது. தொடாவிட்டால் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருப்பான். "இதென்னம்மா கூத்து?" என்று அக்கா எரிந்து விழுவாள்.

அம்மாவை ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டியது.

"உங்க தம்பி ஏறலையா?" என்று டிரைவர் கேட்டார்.

"அவனால தாங்க முடியாதுங்க. நீங்க போங்க."

மயானத்தில் யாரும் அவனைத் தேடவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

மேலதிகாரியின் காரில் அவள் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. தெருமுனையிலிருந்தே தெரிந்தது. கேட் அகலத் திறந்திருந்தது. அதைப் பிடித்தபடி, விட்டுப்போன இடத்திலேயே தம்பி நின்றிருந்தான். முகம் கன்றிச் சிவந்திருந்தது. கால்சட்டை நனைந்து காய்ந்திருந்தது.

எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். "அப்போலேர்ந்து நிக்கிறான்மா. உள்ள போடான்னு எவ்வளவோ சொன்னேன். அக்கா சொல்லணும்கிறான். என்ன பிறவியோ!"

"காய்ச்சல் வந்தா இவ்வளவு தூரம் ஆகுமாம்மா?" என்றார் மேலதிகாரி இரக்கத்தோடு.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "காய்ச்சல் எதுவும் வரல சார். இவன் வயித்துல இருந்தப்போ எங்கம்மா குடிச்சாங்க. அவன் மேல தப்பு இல்ல. இன்னிக்கு இது நான் செஞ்சது."

தம்பியின் அருகே போய்த் தோளைத் தொட்டாள்.

"போதும்டா. விட்டுடு."

அவன் விட்டான். கேட் தானாக ஆடிப்போய் மூடிக்கொண்டது. மடங்கிய விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றன.

"வண்டி இடிக்காம போச்சுக்கா," என்றான் பெருமையாக. "அடுத்து நானும் அம்மாகூட வரணும்ல?"

அவள் அவனைப் படியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். துரு அப்பியிருந்த அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினாள்.