இன்னும் காயல

புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டில் நடக்க எவ்வளவு இடம்தான் இருக்கிறது? சமையலறைக்கும் வாசலுக்குமாகப் பத்தாவது தடவை நடந்துவிட்டு ஜெனிவீவ் அப்பாவின் அறைக்குள் வந்தபோது, அம்மா பிலோமினம்மாள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டிருந்தாள். காலை ஆறரை. அப்பாவுக்குப் படம் காட்டும் நேரம்.

எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் புனித கிறிஸ்தோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து முழங்கால் தண்ணீரில் நின்றார். காலடியில் மீன்கள், ஒரு நண்டு. தேவாலயப் பங்குக்காரர்களோடு இத்தாலி யாத்திரை போனபோது, எண்ணூறு வருஷத்துக் கற்கோவில் ஒன்றில் அப்பா எடுத்த படம். ஜன்னல் என்று பார்த்தால் கையகலச் சந்துதானாம். உள்ளே சுவரில் தரையிலிருந்து கூரைவரை வரைந்திருந்தது இந்த ஒரே ஆளைத்தானாம். புளோக்குகளுக்குப் பெயிண்ட் அடித்தே ஆயுளைக் கழித்த அப்பா சவரிராஜ், பீடத்தை விட்டுவிட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"சுண்ணாம்பு காயறதுக்குள்ள வரைஞ்சிடணும் ஜெனி. அப்புறம் சாயம் சுவராவே ஆயிடும். நம்ம பெயிண்ட் அஞ்சு வருஷம் தாங்காது லா" என்பார்.

கிறிஸ்தோபரைப் பார்த்தவருக்கு அன்றைக்குச் சாவில்லை என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பினார்களாம். வயலுக்குப் போகிற அவசரத்திலும் கண்ணில் படட்டும் என்றுதான் அவ்வளவு பெரிதாக வரைந்தார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன கதை. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள்தான் என்று, வீட்டுக்கு வந்து மருந்து கொடுக்கும் தாதி சம்சுன்னிசா சொல்லிப் பன்னிரண்டு நாளாயிற்று. கஞ்சி இறங்கவில்லை. முனகல் நிற்கவில்லை. படத்தை எடுத்துவிடுங்கள் அம்மா என்று சொல்ல ஜெனிவீவுக்கு நுனிநாக்கு வரை வந்தது. எந்த மகள் அதைச் சொல்வாள்?

அம்மா அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "பாருங்க. ஒரு தடவை பாத்துடுங்க."

அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார், மருந்து வேண்டாம் என்கிற பிள்ளையைப் போல.

அம்மா அவர் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். "ஒரே தூசி. தொடைச்சிட்டு வரேன்."

ஒன்பது மணிக்கு ஜெனிவீவ் சமையலறையில் எட்டிப் பார்த்தாள். "மாட்டிடவாம்மா?"

"இன்னும் காயல."

பதினொன்றுக்கும் காயவில்லை. ஜன்னலுக்கு வெளியே கழியில் போட்ட போர்வை காய்ந்து, மடித்தும் ஆயிற்று.

பன்னிரண்டேகாலுக்கு அப்பா ஒரு மூச்சை இழுத்து விட்டார். அடுத்தது வரவில்லை. ஜெனிவீவ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லச் சமையலறை வாசலுக்குப் போனாள்.

அம்மா இவளைக் கவனிக்கவில்லை. படம் மேடைமேல் கிடந்தது, கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரமில்லை. அம்மா குழாயைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, அதன்மேல் தெளித்தாள்.