ரத்தம் போகிற வழிக்குச் சிவப்பு

உடம்பைப் படிக்க எங்களுக்குப் பிணம் கிடையாது. உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டியிருந்த அந்தப் போலியோ நிலையத்தில் ஒரு தகரப் பெட்டி நிறைய எலும்பும், சுலோச்சனா டீச்சரும், எங்கள் உடம்பும்தான் இருந்தன. எண்பத்தொன்றாம் வருஷம். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் அங்கேயே தங்கிப் படிக்கிற ஒரு வருஷ உதவியாளர் படிப்பு. உடற்கூறு பாடத்துக்கு மட்டும் எல்லாப் பெண்களும் ஒன்றாக உட்காருவோம். தோலுக்குள்ளே எது எங்கே ஓடுகிறது என்று தோல்மேலேயே கோடு போட்டுப் படிக்க வேண்டும். மையால் போட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது. அதனால் டீச்சர் ஒரு எவர்சில்வர் தட்டில் மூன்று கிண்ணம் வைத்தார். நரம்புக்கு மஞ்சள். இதயத்திலிருந்து ரத்தம் போகிற குழாய்க்குக் குங்குமம். ரத்தம் திரும்பி வருகிற குழாய்க்குத் துணிக்குப் போடுகிற நீலம். தண்ணீரில் குழைத்து விரலால் இழுக்க வேண்டியதுதான். இங்கிலீஷ் புத்தகத்தில் அச்சடித்திருந்த அதே மூன்று வர்ணமும் சந்தையில் கிடைத்துவிட்டதில் டீச்சருக்கு ஏகப்பெருமை.

கை, கால், முதுகெல்லாம் திறந்து காட்ட வேண்டியிருந்ததால் வருஷம் முழுக்க ஒருத்திக்கு ஒருத்திதான் ஜோடி. எனக்குத் தேவகி அக்கா வாய்த்தாள். சாலவாக்கத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்யாணமான வருஷமே புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். நான் மாகறல் மார்த்தாள். எங்கள் அப்பா சாமுவேல் அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். இவள் எங்கே என்னைத் தொடப்போகிறாள் என்று முதல் நாள் கையை நீட்டிவிட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டாள். தோள்பட்டை எலும்பைத் தேடி அவள் அமுக்கின அமுக்கில் எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் தொடாதது குங்குமத்தைத்தான். மஞ்சளைச் சமையலுக்கு எடுப்பதுபோல் எடுத்துவிடுவாள். நீலத்தில் தயக்கமே இல்லை. சிவப்பு வரும்போது மட்டும் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இப்படிக்கா போவுது" என்று காற்றில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். டீச்சர் ஒருநாள் என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா தேவகி, இந்தக் கையில ரத்தம் திரும்பித் திரும்பி வந்துக்கினே இருக்கு. எப்பதான் போவும்?"

வகுப்பே சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது. சாயங்காலம் கிணற்றடியில் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, எங்க கைமேல குங்குமம் பட்டா உங்க சாமிக்கு ஆவாதா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "சாமி இல்ல மார்த்தா, என் கை. தெனம் அவரு கெளம்பும்போது நான்தான் நெத்தியில குங்குமம் வெச்சி அனுப்புவேன். அன்னிக்கும் வெச்சேன். அது காயறதுக்குள்ள, ரோட்டுல கெடக்குறாருன்னு ஆள் வந்துடுச்சி."

"அதுக்கு?"

"ஒனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

சாதித் திமிர் என்று நினைத்து நான் சண்டைக்குக் கிளம்பியிருக்க, இவள் என் உயிருக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்குப் பாசம் விழுந்தது. எங்கள் வீட்டில் யாரும் குங்குமம் வைப்பதில்லை, எங்களுக்கு அது வெறும் சிவப்பு, அதனால் நல்லதும் வராது கெட்டதும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். பரிதாபமாகச் சிரித்தாளே தவிர, கேட்கிற மாதிரி இல்லை.

வருஷக் கடைசியில் செய்முறைப் பரீட்சை வந்தது. அதில் விழுந்தால் மொத்த வருஷமும் போச்சு. தேவகி அக்காவின் அண்ணன் வரதன் ஒரே வருஷத்துக்குத்தான் சம்மதித்திருந்தார். தேறாவிட்டால் வீடு வந்து சேரவேண்டும். சேர்வதென்றால், அண்ணி கைக்குக் கீழே ஆயுசுக்கும் அடுப்படியும் மாட்டுக்கொட்டகையும்தான். அவள் இதையெல்லாம் சொல்லி அழுததில்லை. எலும்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் படித்த படிப்பைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்தது.

விஷயத்தை டீச்சரிடம் போட்டு உடைத்தேன். பரீட்சையன்று பார்த்தால் தட்டில் நாலாவதாக ஒரு கிண்ணம் நிறையச் சிவப்பு மை. டீச்சரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மெட்ராஸிலிருந்து பரீட்சை வைக்க வந்த டாக்டர் முத்துகிருஷ்ணன், எதையும் முகர்ந்து பார்க்கிற மனுஷர். மையை முகர்ந்தார். "இது பேப்பருக்கு. தோலுக்கு ஆகாது" என்று ஜன்னல் வழியாகக் கொட்டினார். டீச்சரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

தேவகி அக்காவின் முறை வந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"இதயத்திலேர்ந்து கைக்கு ரத்தம் வர்ற குழாய்" என்றார் டாக்டர். "முழங்கையில எங்க பிரியுது, மணிக்கட்டுக்கு எப்படி வருது? போட்டுக் காட்டும்மா."

கடகடவென்று சொன்னாள். ஒரு பேர் தப்பில்லை.

"வாயால சொன்னது போதும். போடு."

அவள் விரல் குங்குமக் கிண்ணத்துக்கு மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க சார்."

தெரியாதாம். எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். எனக்காகத் தோற்றுப்போய் மாட்டுக்கொட்டகைக்குப் போகத் துணிந்துவிட்டாள் என்று புரிந்ததும், அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. பரீட்சையில் உடம்பைக் காட்டி உட்கார்ந்தவள் வாயைத் திறக்கக்கூடாது. நான் திறக்கவில்லை. அவள் இடது கையை வெடுக்கென்று இழுத்து, விரல்களை என் முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் வைத்து அமுக்கினேன். அங்கே நாடி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். அவள் வலது விரல் கிண்ணத்துக்குள் போனது.

மேல்கையின் உள்பக்கத்திலிருந்து கோடு இறங்கியது. இடது கை நாடியைத் தேடிக்கொண்டே முன்னால் போக, வலது விரல் சிவப்பை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. மடிப்புக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, சுண்டுவிரல் பக்கம் ஒன்றும் கட்டைவிரல் பக்கம் ஒன்றுமாக மணிக்கட்டில் வந்து நின்றது. கோடு எங்கேயும் இடம் தப்பவில்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். "தெரியாதுன்னியே?" என்று கேட்டுவிட்டு மார்க் போட்டார்.

அதோடு விட்டாளா? அன்றிலிருந்து ஆரம்பித்தது எனக்குப் பேஜார். ரோட்டைத் தனியாகக் கடக்க விடமாட்டாள். நான் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனால் கயிற்றைப் பிடுங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினால், டிரைவரிடம் போய், "கொஞ்சம் மெதுவா போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வருவாள். நான் ஒரு தும்மல் போட்டால் போதும், முகம் வெளுத்துவிடும். "நான் இன்னும் சாவலக்கா" என்றேன் ஒருநாள். அடிக்க வந்தாள். அப்புறம் சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதன்பிறகு அந்தக் கேலியை நான் செய்யவில்லை.

நிலையத்திலேயே வேலை பழகிக்கொண்டிருந்தபோது, ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைவரை ஓடினேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ பாஸ். நானும் பாஸ்."

துணியைப் போட்டுவிட்டு வந்தாள். சந்தோஷத்தில் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து, நாடிமேல் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"காதுல வுழலயா? பாஸுன்றேன்."

"இரு மார்த்தா" என்றாள். "எண்ணிக்கினு கீறேன்."